கிளீனர் அனுப்பிய நாற்காலி

ஜனவரி 9

தம்பிக்கு,

போனில் நம் இரண்டு பேருக்கும் பேச வராது. மூன்றாவது வாக்கியத்தில் நீ கத்துவாய், நாலாவதில் நான் வைத்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். கோபம் வந்தால் இதை மேசையில் போட்டுவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்து மிச்சத்தைப் படி.

அப்பாவுக்குப் புற்றுநோய் முதுகெலும்பு வரைக்கும் பரவிவிட்டது. இலேசாக முதுகு வலி என்று ஆரம்பித்தது. "யாருக்கும் சொல்லாத" என்றார். இந்த வீட்டில் யாருக்கும் என்றால் உனக்கு என்று அர்த்தம். ஆறு வருடமாக அவர் உன் பேச்சை எடுக்கவில்லை, நீயும் இந்தப் படி ஏறவில்லை. அம்மா இறந்தபோது அவர் லோடு ஏற்றிக்கொண்டு எங்கோ போயிருந்தார். திரும்பி வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, "உங்களுக்கு அம்மாவவிட வண்டிதானே பெருசு" என்று நாலு பேர் முன்னால் கேட்டாய். "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்று அவரும் சொல்லிவிட்டார். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நின்று என் கால்தான் வலிக்கிறது. அது போகட்டும்.

லாரியில் ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஓட்டின மனுஷனால் இப்போது சாப்பிடும் நேரம்கூட நிமிர்ந்து உட்கார முடியவில்லை. வலி வரும்போது துண்டைச் சுருட்டிக் கடித்துக்கொள்கிறார். கீழ்வீட்டு அத்தைக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம். அத்தைக்குக் கேட்கிறது. கேட்காத மாதிரி ரேடியோவைக் கூட்டி வைக்கிறாள்.

சில வாரமாக மார்ஃபின் மாத்திரை கொடுத்தோம். வலி அடங்கியது, ஆனால் விழுங்கியதெல்லாம் வாந்தியாக வந்தது. அதனால் இப்போது தோலில் ஒட்டுகிற பேட்ச். அதிலிருந்து மருந்து கொஞ்சம் கொஞ்சமாக உடம்புக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும், மூன்று நாளைக்கு வரும். எழுதிக் கொடுத்த வலி டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடி ஒரு பக்கம் சரிந்திருந்தது. நாள் முழுக்க அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை நேராக உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு, கை பரபரத்தது. அடக்கிக்கொண்டேன்.

அந்த அம்மா எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் கேட்ட கேள்விகள்! இதற்கு முன் என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை நாளாக. தூக்க மாத்திரை உண்டா. குடிப்பாரா. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருமா. வீட்டில் குழந்தைகள் உண்டா. வேறு யாராவது எடுத்துவிடக் கூடிய இடத்தில் வைப்பீர்களா. எதில் படுக்கிறார். "லைசென்ஸ் எடுக்கறப்பகூட இவ்ளோ கேக்கலம்மா" என்றார் அப்பா. "இது அதவிடக் கனமான வண்டி சார்" என்றார் டாக்டர். அதற்குப் பிறகு அப்பா அவருக்கு அடிமை.

மாத்திரை பழகாத உடம்பில் இதை ஒட்டினால் மூச்சே நின்றுவிடுமாம். அப்பாவுக்குப் பழகிவிட்டது என்பதால்தான் கொடுக்கிறார், அதுவும் இருப்பதிலேயே சின்ன அளவு. வெட்டக் கூடாது. பழையதை எடுக்காமல் புதியதை ஒட்டக் கூடாது. எடுத்ததை மடித்துத் திருப்பித் தர வேண்டும். ஒட்டின இடத்தில் சூடு படக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னார். வெந்நீர்ப் பை, சூட்டுக் கம்பளி, கொதிக்கக் கொதிக்கக் குளியல், ஒன்றும் கூடாது. சூடு பட்டால் மூன்று நாள் மருந்து அவசரப்பட்டு உள்ளே போய்விடுமாம். "புரிஞ்சுதும்மா. முதல் கியர்ல இறங்கற வண்டிய நியூட்ரல்ல விட்ட மாதிரி" என்றார் அப்பா. டாக்டர் சிரித்துவிட்டார்.

எழுப்பினால் எழாத தூக்கம், இழுத்து இழுத்து வருகிற குறட்டை, ஊசிமுனை மாதிரி சுருங்கின கண்பாவை. இதில் எது வந்தாலும் மருந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தமாம், உடனே மூக்கில் அடிக்க ஒரு முறிவு மருந்து கொடுத்திருக்கிறார், ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது. பாவையைப் பார்ப்பது என் தொழில். தினமும் காலையில் கடைக்குப் போகும் முன் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். "கண்ணாடிக்காரி, ஹெட்லைட் செக் பண்ணிட்டியா?" என்கிறார்.

ஒரு வரி எழுது. எனக்கு இல்லை, அவருக்கு.

அக்கா

ஜனவரி 24

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. ஒரு சுற்று அல்ல, மூன்று சுற்று நடந்தேன்.

அவருக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நாலு தாள் கிழித்தாயிற்று. 'அப்பாவுக்கு' என்று எழுதிய பிறகு கை நகரவில்லை.

அந்த மருந்து எனக்குப் பிடிக்கவில்லை. இங்கே சுரங்கப்பாதை வேலையில் எங்கள் சூப்பர்வைசருக்கு முட்டி உடைந்தது. யாரோ ஒரு டாக்டர் வலி மாத்திரையை அள்ளிக் கொடுத்தார். முட்டி சரியாகிவிட்டது, மாத்திரைதான் அவரை விடவில்லை. வேலை போய், பெண்டாட்டி போய், இப்போது ஆள் எங்கே என்றே தெரியாது. உன் டாக்டர் இவ்வளவு கேட்டார் என்பதுதான் ஒரே ஆறுதல். ஆனாலும் கவனமாக இரு. உனக்கு யாராவது மரியாதையாகப் பேசிவிட்டால் எல்லாவற்றையும் நம்பிவிடுவாய்.

மலைக்குள்ளே வெகுதூரம் போய் விளக்குப் போடுகிறேன். உள்ளே போனால் பகலா ராத்திரியா தெரியாது. தூக்கம் சொக்கும்போது அவர் நினைவு வருகிறது, நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பள்ளி விடுமுறையில் என்னை லாரியில் கூட்டிக்கொண்டு போவார். "கிளீனர் வேலைன்னா வண்டி தொடைக்கறது இல்லடா. டிரைவர் தூங்காம பாத்துக்கறது" என்பார். நான் பதினேழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவேன். பதினேழெட்டை வேண்டுமென்றே தப்பாகச் சொல்வேன். "டேய், நூத்தி முப்பத்தாறு" என்று அதட்டினால் முழித்திருக்கிறார் என்று அர்த்தம்.

உட்கார முடியவில்லை என்று எழுதியிருந்தாய். போன ஞாயிறு டவுனுக்குப் போய் ஒரு சாய்வு நாற்காலி பார்த்தேன். முதுகைத் தாங்கும், காலைத் தூக்கும், ரிமோட் உண்டு. "சாதா போதுமா, சூடு வர்றதா?" என்று கடைக்காரர் கேட்டார். சூடு வருவது என்றேன். லாரியில் இன்ஜின் சூடு முதுகில் படாவிட்டால் அவருக்கு உட்காரவே வராது.

அனுப்பியிருக்கிறேன். யார் அனுப்பினார்கள் என்று சொல்ல வேண்டாம்.

தம்பி

பிப்ரவரி 16

தம்பிக்கு,

சொல்ல வேண்டாம் என்றாய். சொல்லாமல் எப்படி? ஒருநாள் காலையில் நாலு ஆள் மூச்சிரைக்க மாடிப்படியில் ஒரு யானையைத் தூக்கி வருகிறார்கள். அத்தை கீழே நின்று "செவுரு, செவுரு!" என்று கத்துகிறாள். கைப்பிடிச் சுவரில் ஒரு கீறல், அதை ஒரு வாரம் பேசினாள்.

அப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். ஆட்கள் போனதும் கேட்டார்: "கிளீனர் அனுப்பிச்சானா?"

ஆறு வருடத்துக்குப் பிறகு, தம்பி. நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

கைத்தாங்கலாக உட்கார வைத்தோம். ரிமோட்டைக் கையில் வாங்கி எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்தார். கால் தூக்கியது, முதுகு சாய்ந்தது, பிறகு சூடு வந்தது. கண்ணை மூடிக்கொண்டார். "ஸ்டீரிங் மட்டும்தான் இல்ல" என்றார். அன்றிலிருந்து அவர் இடம் அதுதான். காலையில் உட்கார்ந்தால் நான் கடையிலிருந்து வரும்வரை அதிலேதான். மத்தியானம் அத்தை வந்து சோறு கொடுத்து, அவரிடம் திட்டும் வாங்கிக்கொண்டு போகிறாள். அத்தையின் மருமகன் பார்க்க வந்தபோது, "எம்பையன் வாங்கிக் குடுத்தது" என்று சொன்னாராம். என் காதுபடச் சொல்லவில்லை, மானம் போய்விடும் பார்.

பேட்ச் நன்றாக வேலை செய்கிறது. துண்டு கடிப்பது நின்றுவிட்டது. முதலில் நெஞ்சில் ஒட்டினேன், கை சும்மா இருக்காமல் பிய்த்துவிட்டார். டாக்டரிடம் கேட்டேன், முதுகில் தோளுக்குக் கீழே கைக்கு எட்டாத இடத்தில் ஒட்டச் சொன்னார். இப்போது தொந்தரவு இல்லை. அவருக்குப் படி இறங்க முடியாததால் நான் மட்டும் போய் வாங்கி வருகிறேன். "அவர நேர்ல பாக்காம ரொம்ப நாள் எழுதிக் குடுக்க முடியாதும்மா, நானே வீட்டுக்கு வரேன்" என்கிறார் டாக்டர். ராத்திரியில் மட்டும் இன்னும் முனகுகிறார், அளவைக் கொஞ்சம் கூட்டலாமே என்று கேட்டேன். பார்க்காமல் கூட்ட மாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

ஒரே ஒரு குறை. சூடு அரை மணியில் தானாக அணைந்துவிடுகிறது. அப்பாவுக்குக் கோபமான கோபம். "மேட்டுல ஏறும்போது ஆஃப் ஆகற வண்டிய எவன்டா வாங்குவான்?" என்று ரிமோட்டைத் தட்டுகிறார். நீ எலக்ட்ரீஷியன்தானே, ஏதாவது வழி உண்டா?

அக்கா

பிப்ரவரி 28

அக்காவுக்கு,

கிளீனர் என்றா சொன்னார்? நீ சேர்த்து எழுதவில்லையே?

வழி உண்டு. நாற்காலியின் முதுகுப் பக்கம், கீழே, துணி மூடி ஒன்று ஜிப் வைத்துத் தைத்திருக்கும். திறந்தால் கறுப்புப் பெட்டி. அதன் ஓரத்தில் நகம் அளவுக்கு ஒரு சின்ன சுவிட்ச். வலது பக்கம் தள்ளிவிடு. அதற்குப் பிறகு அணையாது, நீங்கள் நிறுத்தும்வரை எரியும். பயப்பட வேண்டாம், தீப்பிடிக்காது. கம்பியின் கனம் எல்லாம் கடையிலேயே பார்த்துவிட்டுத்தான் வாங்கினேன். இன்னொரு விஷயம், ஃபிரிட்ஜ் செருகியிருக்கும் பிளக்கில் இதைச் செருகாதே.

இங்கே மண்சரிவு ஏற்பட்டுப் பாதை மூடியிருக்கிறது. ஏப்ரலில் திறந்ததும் பதினைந்து நாள் லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன். வந்தால் அவர் முகத்தில் எப்படி முழிப்பது என்று இப்போதிருந்தே யோசிக்கிறேன்.

அவருக்கு ஒரு வரி கேட்டாய். இதுதான்: வண்டி நல்லா இருக்கான்னு கிளீனர் கேட்டான். இதைப் படித்துக் காட்டு.

தம்பி

மார்ச் 29

அக்காவுக்கு,

வீட்டில் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

அப்பா போய்விட்டார் என்ற செய்தி கேட்டு, பாதி மலையை நடந்து இறங்கி, மூன்று பஸ் மாறி வந்து சேர்ந்தேன். எல்லாம் முடிந்திருந்தது. வீட்டில் ஒரு நாற்காலியும் நீயும்தான் இருந்தீர்கள். அன்று ராத்திரி நான் அதில்தான் படுத்தேன். சூடு போட்டுக்கொண்டேன். விடியும்வரை முதுகில் கை வைத்த மாதிரி அந்தச் சூடு இருந்தது. அழுதேன், நீ கேட்டிருக்க மாட்டாய்.

காலையில் நீ காபியைக் கொடுத்துவிட்டு, "கடைசில நல்லாத் தூங்கினார்டா" என்றாய். அதற்குத்தான் கத்தினேன். தூங்கவில்லை அக்கா, அவரைத் தூங்க வைத்தார்கள். மூச்சு மெதுவாகி நின்றுபோனது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை நீயே சொன்னாய். புற்றுநோய்க்காரர் இன்னும் சில மாதம் இருப்பார் என்று சொன்னதும் அதே ஆட்கள். நடுவில் என்ன வந்தது? அந்தப் பேட்ச்தான் வந்தது.

மூச்சை நிறுத்தும் மருந்து என்று தெரிந்தே கொடுத்திருக்கிறார். ஆளை நேரில் பார்க்காமல், மகளின் கையில் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். கேள்வி நிறைய கேட்டால் நல்ல டாக்டர் ஆகிவிடுவாரா? மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதப் போகிறேன். அந்த அம்மா இனி ஒரு ஆளுக்கும் இதை எழுதிக் கொடுக்கக் கூடாது. அவருடைய முழுப் பேர், கிளினிக் விலாசம், காலிப் பெட்டிகள், எல்லாவற்றையும் அனுப்பு.

தம்பி

ஏப்ரல் 11

தம்பிக்கு,

அனுப்ப மாட்டேன்.

அந்த டாக்டர் மேல் தப்பு இல்லை. முதலில் கொடுத்த அதே சின்ன அளவுதான் கடைசிவரை. பேட்ச் ஒட்டியதும் மாற்றியதும் நான். வேண்டுமானால் என் பேரை எழுதிப் போடு.

புகார் எழுதாதே. ஏன் என்று கேட்காதே. சின்ன வயதில் எத்தனையோ தடவை ஏன் என்று கேட்காமல் எனக்காகச் செய்திருக்கிறாய், இன்னும் ஒரு தடவை செய்.

நீ நேரத்துக்கு வரவில்லை என்று உன்னை யாரும் வாசலில் நிறுத்திக் கேட்கவில்லை. அதைக் கவனித்தாயா?

அக்கா

ஏப்ரல் 23

அக்காவுக்கு,

கவனித்தேன். கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அவரிடம் நான் பேசியது எவ்வளவு வலித்திருக்கும் என்று தெரிந்திருக்கும். இப்போதும் தெரிகிறது.

புகார் போய்விட்டது. விலாசம் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை.

யாருக்காக மறைக்கிறாய்? உனக்கு அந்த டாக்டர் சிநேகிதி ஆகிவிட்டாரா? இல்லை, நீயே களைத்துப்போய்விட்டாயா? அவர் தூங்கினால் போதும் என்று இருந்ததா? எழுதிவிட்டேன், அடித்து அழிக்கவில்லை. நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும்.

தம்பி

மே 7

தம்பிக்கு,

ஆமாம், அவர் தூங்கினால் போதும் என்றுதான் இருந்தது. வலியில் கிடக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற யாருக்கும் அப்படித்தான் இருக்கும். நீ கேட்டது தப்பில்லை.

இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி. பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் நல்லது.

நீ போன பிறகு, ஏப்ரல் முதல் வாரத்தில், டாக்டர் வீட்டுக்கு வந்தார். அப்பா இருக்கும்போதே வந்திருக்க வேண்டும், தாமதமாகிவிட்டது என்று வருத்தப்பட்டார். என்ன நடந்தது என்று தெரியாமல் அவருக்கும் தூக்கம் இல்லையாம். கடைசி வாரம் எப்படி இருந்தார், எங்கே ஒட்டினீர்கள், பழையதை எடுத்தீர்களா, காய்ச்சல் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னேன். ஒன்றும் அகப்படவில்லை.

அப்போது அத்தை மேலே வந்தாள். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பதறினாள். "என்னம்மா இது, நாள் பூரா நிக்கறவங்க! இதுல உக்காருங்க டாக்டர், முதுகுக்கு அவ்ளோ இதமா இருக்கும். அவரு எழுந்திரிக்கவே மாட்டாரு" என்று கையைப் பிடித்து அப்பாவின் நாற்காலியில் உட்கார வைத்து, ரிமோட்டை எடுத்து அழுத்தினாள்.

டாக்டர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். பிறகு பேச்சு நின்றது. கையைப் பின்னால் கொண்டுபோய், தோளுக்குக் கீழே, அப்பாவுக்குப் பேட்ச் ஒட்டின இடத்தில், முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவில் வைத்தார். எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அத்தைதான் "சூடு பத்தலையா?" என்று கேட்டாள்.

தம்பி, நான் உனக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே அது இருக்கிறது. வெந்நீர்ப் பை கூடாது, சூட்டுக் கம்பளி கூடாது. எனக்கு மனப்பாடம். அத்தை ஒருநாள் வெந்நீர்ப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். ஆனால் வெந்நீர்ப் பை என்றால் சூடு, கம்பளி என்றால் சூடு, நாற்காலி என்றால் நீ. அதைச் சூடு என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

டாக்டர் அழுதார். "எதுல படுக்கறாருன்னு கேட்டேன். எதுல உக்காருவாருன்னு நான் கேக்கல" என்றார். அவர் கேட்ட நாளில் அந்த நாற்காலி வீட்டுக்கே வந்திருக்கவில்லையே என்றேன். "வந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கெஞ்சினேன். "கேட்டா பொய் சொல்ல மாட்டேன். கேக்காதவரைக்கும் இது உங்க வீட்டு விஷயம்" என்றார். இப்போது நீ கேட்க வைத்துவிட்டாய். கவுன்சிலிலிருந்து அவருக்கு விளக்கம் கேட்டுத் தாள் வந்திருக்கிறது. என்னைக் கூப்பிட்டு, "உங்க தம்பிக்கு இது ஆபீஸ் கவர்ல போய்ச் சேரக் கூடாதும்மா. நீங்க சொல்லுங்க" என்றார். அதனால் சொல்கிறேன்.

அந்தச் சாயங்காலத்தையும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ கேட்க வேண்டியிருக்காது. கடையிலிருந்து வந்தேன். அப்பா நாற்காலியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். குறட்டை நீளமாக, இழுத்து வந்தது. துண்டு மடித்தபடி மடியில் இருந்தது, பல்லுக்கு வேலை இல்லாமல். முகத்தில் சுருக்கமே இல்லை, அம்மா கூட இருந்த காலத்து முகம். ஃபேனைக் குறைத்தேன். பாவையைப் பார்க்கலாமா என்று குனிந்தேன். இமையைத் தூக்கினால் முழித்துக்கொள்வாரே என்று விட்டுவிட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை பேர் கண்ணைப் பார்க்கிறவள் நான். சமையலை முடித்துவிட்டு எழுப்பப் போனபோது குறட்டை இல்லை. மூக்கில் மருந்து அடித்தேன், அது வேலை செய்யும் நேரம் கடந்திருந்தது.

உன் வரியை அவருக்குப் படித்துக் காட்டினேன். வண்டி நல்லா இருக்கான்னு கிளீனர் கேட்டான். "வந்து பாக்கச் சொல்லு. வண்டி நிக்குது, எங்க போயிடப் போகுது" என்றார்.

நீ எழுதிய அந்தச் சின்ன சுவிட்ச் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. ஜிப்பைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டேன், தொடவே இல்லை. அப்பாதான் அரை மணிக்கு ஒரு தடவை ரிமோட்டை அழுத்திக்கொண்டே இருந்தார். உனக்கு அதில் ஒரு சம்பந்தமும் கிடையாது. நீ அனுப்பியது ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

அக்கா

மே 26

அக்காவுக்கு,

உட்கார்ந்துதான் படித்தேன். பக்கத்தில் ஆள் இருந்தான், வெல்டர். "வீட்ல யாருக்காவது முடியலையாண்ணே?" என்று கேட்டான். யாரும் மிச்சம் இல்லை, அக்கா மட்டும்தான் என்றேன்.

கவுன்சிலுக்குப் புகாரை வாபஸ் வாங்கி எழுதிவிட்டேன். நாற்காலியைப் பற்றியும் நானே எழுதினேன், டாக்டர் எழுதும்படி விடவில்லை. பிறகு மன்னிப்புக் கேட்க அவரைப் போனில் கூப்பிட்டேன். அவர்தான் பேசினார். இப்போதெல்லாம் எழுதிக் கொடுப்பதற்கு முன் எல்லா வீட்டிலும் கேட்கிறாராம்: எதில் உட்காருவார், அதில் கரண்ட் இருக்கிறதா, யாராவது வெளியூரிலிருந்து ஏதாவது வாங்கி அனுப்பினார்களா. கடைசிக் கேள்விக்கு எல்லோரும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்கிறார்களாம். பார்க்காமல் இனி ஒருவருக்கும் தொடர்ந்து எழுதிக் கொடுப்பதில்லையாம். அப்பா கேட்டிருந்தால் இன்னும் ஒரு தடவை சிரிக்க வைத்திருப்பார்.

நீ எழுதியதில் ஒன்று மட்டும் பொய் அக்கா.

சுவிட்சைத் தொடாமல் இருந்திருந்தால் அரை மணியில் அணைந்திருக்கும். நான் அதில் ஒரு ராத்திரி படுத்திருந்தேன். ஒரு தடவைதான் பட்டனை அழுத்தினேன். விடியும்வரை அணையவில்லை. என் முதுகுக்குத் தெரியும். நான் சொன்ன இடத்தில் நான் சொன்ன மாதிரி வலது பக்கம் தள்ளியிருக்கிறாய். எப்போதும் சொன்னதைச் சரியாகச் செய்வாய் நீ.

எனக்காக அந்தப் பொய்யைச் சொன்னாய். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். ஆனால் அதை நீ தனியாகச் சுமக்க வேண்டாம். நீ கேட்டாய், நான் சொன்னேன், நீ தள்ளினாய், அவர் அழுத்தினார். நம் மூன்று பேருக்கும் அவர் முதுகு சூடாக இருந்தால் போதும் என்று இருந்தது.

அடுத்த மாதம் வருகிறேன். நாற்காலியைத் தூக்கிப் போடாதே, அத்தைக்கும் கொடுக்காதே. பிளக்கை மட்டும் பிடுங்கி வை. நான் வந்து பின்னால் திறந்து, சூட்டுக் கம்பியை வெட்டி எடுக்கிறேன். அதற்குப் பிறகு அது சும்மா ஒரு நாற்காலி. நீ உட்காரலாம். நாள் முழுக்கக் கடையில் நிற்கிறாய்.

சுரங்கத்தில் நேற்று விளக்கு மாட்டிக்கொண்டிருக்கும்போது என்னை அறியாமல் பதினேழாம் வாய்ப்பாடு வாயில் வந்தது. வெல்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்தச் சாயங்காலம் நான் அவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். மருந்தைப் பற்றியோ பாவையைப் பற்றியோ எனக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒன்றிலிருந்து ஆரம்பித்து, எட்டு வந்ததும் தப்பாகச் சொல்லியிருப்பேன். அவர் திருத்தவில்லை என்றால் உடனே தெரிந்திருக்கும்.

தம்பி